முதலில் வந்த மூன்று படகுகள்

தையல்நாயகி அம்மாளுக்கு வயது நாற்பத்திரண்டு. அவரைக் குருவாக ஏற்றுக்கொண்ட சர்வேயர் வைத்திலிங்கத்துக்கு அறுபது. யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால், "நிலத்தை அளக்கிறப்ப சங்கிலிக்கு என்ன வயசுன்னா கேட்டேன்?" என்பார் சர்வேயர்.

அம்மா படகுத்துறையில் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு, ஆற்றைக் கடக்க வருகிறவர்களுக்கு மதியச் சோறு போட்டுவந்தார். ஞானம் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு முதல் பாடம் பாத்திரம் கழுவுவது. இரண்டாவது பாடம் என்னவென்று இதுவரை யாருக்கும் தெரியாது.

அன்று காலை சர்வேயர் மூன்று நோட்டுப்புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரே பந்தயத்துல மூணு படகு முதல்ல வருமா?"

"ஏன், வந்துடுச்சா?"

"மூணு ஊரும் சத்தியம் பண்ணுது."

ஆவணிப் பௌர்ணமிக்கு அந்த ஆற்றில் படகுப் பந்தயம். வேங்கைத்துறை, தாழையூர், கருங்காடு என்று மூன்று ஊர்ப் படகுகள். எந்த ஊர் முதன்முதல் பந்தயத்தில் ஜெயித்ததோ, அந்த ஊர்ப் படகுக்குத்தான் நடு நீரோட்டம் என்று ஒரு வழக்கம். நடுவில் போகிற படகை ஆறே பாதி தள்ளிவிடும். ஜெயித்தது யார் என்பதில்தான் தகராறு. போன வருஷம் துடுப்பால் தண்ணீரைத் தள்ளியதைவிட மண்டையைத் தட்டியதுதான் அதிகம். இந்த வருஷம் மூன்று ஊர்ப் பெரியவர்களும் கூடி, பந்தயத்தின் வரலாற்றை விசாரித்து எழுதும் பொறுப்பைச் சர்வேயரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுதுவதுதான் முடிவு.

"எங்க வேங்கைத்துறை ஐயனார் கோயில்ல ஒரு துடுப்பு இருக்கு. முதல்ல வந்த படகோட துடுப்புன்னு பூசை போடறாங்க" என்றார் சர்வேயர். "தாழையூர்ல தாலாட்டுலயே வருது, முன்னால வந்த படகு எங்க படகுன்னு. கருங்காட்டுல ஒரு குடும்பத்துக்குப் பேரே முந்திவந்தான் வகையறா."

"துடுப்பு, தாலாட்டு, பேரு. மூணும் நல்லாத்தானே இருக்கு."

"விளையாடாதீங்கம்மா. என் பொண்ணு செண்பகத்துக்கு ஏழாம் மாசம். தாழையூர்ல வாக்கப்பட்டவ. தலைப்பிரசவத்துக்கு அழைச்சுட்டு வரலாம்னு போனா, சம்பந்தி உலகநாதன் வாசல்லயே நிறுத்திட்டார். நீங்க என்ன எழுதறீங்கன்னு பார்த்துட்டு அனுப்பறோம்னு சொல்லிட்டார். தாழையூர்னு எழுதினா சொந்த ஊர்ல காறித் துப்புவான். எழுதலேன்னா பொண்ணு வரமாட்டா. அவங்கம்மா ராவும் பகலும் அழறா."

அம்மா களைந்த தண்ணீரை வாழை அடியில் ஊற்றினார்.

"பந்தயம் எங்க முடியுது?"

"நாணல்திட்டுல."

"அங்க கோயில் இருக்கா?"

"இல்ல."

"சந்தை?"

"ஆத்து நடுவுல ஒரு மேடும்மா அது. முப்பது வீடு, பத்து எருமை, மத்தபடி கத்திரிக்காய்."

"அப்புறம் ஏன் அங்க போய் முடிக்கிறாங்க?"

சர்வேயர் யோசித்தார். சின்ன வயதிலிருந்து பந்தயம் பார்க்கிறார். இப்படி ஒரு கேள்வி அவர் மண்டையில் ஏறியதே இல்லை.

"அங்க போய் விசாரிச்சீங்களா?"

"அவங்ககிட்ட படகே இல்லையேம்மா! பந்தயத்தைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? கடைசியா வர்ற படகுக்குக்கூட ஆரத்தி எடுக்கிற சனம். ஜெயிச்சது யாரு, தோத்தது யாருன்னே விவரம் தெரியாது."

"சரி. நம்ம கொட்டகையில கத்திரிக்காய் தீந்துபோச்சு. ஒரு கூடை வாங்கிட்டு வாங்க."

"நான் என் பொண்ணு வாழ்க்கையைப் பேசறேன்..."

"பிஞ்சாப் பார்த்து வாங்குங்க" என்றார் அம்மா.

பாத்திரம் கழுவச் சொல்லாமல் விட்டாரே என்று சர்வேயர் கூடையை எடுத்துக்கொண்டு பரிசல் ஏறினார்.

நாணல்திட்டில் பூவாயி என்பவள் காய் பறித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கூடையை நிரப்பிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். சர்வேயரும் போகிறபோக்கில் கேட்டுவைத்தார்.

"ஏம்மா, போன வருஷம் கருங்காட்டுப் படகு கடைசியா வந்துச்சு. நீ ஓடிப்போய் அதுக்கு ஆரத்தி எடுத்தியே, ஏன்?"

"எங்க வீட்டு ஆளுங்களைத் தூக்கினது கருங்காடுதானே? வேற யாருக்கு எடுப்பேன்?"

"தூக்கினதா?"

"இது தெரியாதா ஐயாவுக்கு? எந்தக் காலத்துலயோ வந்த பெரிய வெள்ளம். மேடு முழுகிப்போச்சு. சனமெல்லாம் கூரை மேல. ஆடு, கோழி, பிள்ளைகுட்டி எல்லாம் கூரை மேல. அப்பத்தான் படகு வந்து தூக்குச்சு."

"எந்தப் படகு?"

"கருங்காடு."

பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவளை நம்பாதீங்க ஐயா. முதல்ல வந்தது தாழையூருங்க. எங்க வீட்டுல கேளுங்க."

"ரெண்டு பேரும் சும்மா இருங்கடி" என்றது எருமைப் பக்கமிருந்து இன்னொரு குரல். "வேங்கைத்துறைக்காரங்க வரலேன்னா எங்க வம்சமே இல்ல."

சொல்லிவிட்டு மூன்று பேரும் சிரித்தார்கள். சர்வேயருக்கு வேர்த்தது. அங்கே மூன்று சாட்சி. இங்கே வந்தால் இன்னொரு மூன்று.

"இதுல சண்டை வராதா உங்களுக்குள்ள?"

"சண்டை எதுக்கு? ஆளுக்கொரு கூரை, ஆளுக்கொரு படகு."

"ஆனா ஒண்ணுதானேம்மா முதல்ல வந்திருக்கும்?"

பூவாயி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அது படகுல இருந்தவங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கூரை மேல பிள்ளையோட நின்னவளுக்கு வந்தது ஒரு படகுதான் ஐயா."

சர்வேயர் கூடையைக் கீழே வைத்தார்.

"அப்ப பந்தயம்?"

"அதுவா? அடுத்த வருஷம் அதே பௌர்ணமிக்கு, நாங்க எப்படி இருக்கோம்னு பார்க்க மூணு ஊரும் வந்துச்சாம். வர்ற வழியில பக்கத்துப் படகைப் பார்த்ததும் ஆம்பளைங்களுக்கு வேகம் வந்துடுச்சு. அவ்வளவுதான்."

"அந்த வெள்ளத்துல நடு நீரோட்டத்துல வந்த படகு எது?"

"வெள்ளத்துல ஏது ஐயா நடு? கரை இருந்தாத்தானே நடு இருக்கும்?"

கத்திரிக்காய்க் கூடையோடு திரும்பிய சர்வேயரிடம் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காயை எடுத்துக் காம்பை அழுத்திப் பார்த்தார். "பரவாயில்ல, பார்க்கத் தெரிஞ்சுடுச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று ஊரும் கொட்டகையில் கூடியது. சர்வேயர் நோட்டைப் பிரித்து, நாணல்திட்டில் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் படித்தார். படித்து முடித்ததும் உலகநாதன் எழுந்தார். நல்ல உயரம், கனத்த குரல்.

"அப்ப தாழையூர் முதல்ல வரல?"

"வந்தீங்க சம்பந்தி. முதல்லதான் வந்தீங்க."

"கருங்காடு?"

"அவங்களும் முதல்ல."

"உங்க ஊரு?"

"அதுவும் முதல்லதான்."

கொட்டகை கொல்லென்று சிரித்தது. "பொறந்த ஊருக்கும் நல்லவர், பொண்ணு குடுத்த ஊருக்கும் நல்லவர்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "கருங்காட்டுலயும் ஒரு பொண்ணைக் கட்டிக்குடுங்க சர்வேயரே!"

உலகநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அறுபது வயசு மனுஷன் எங்களைக் கூப்பிட்டு வச்சு விளையாட்டுக் காட்டறீங்களா? நோட்டை மூடுங்க. உங்க பொண்ணு எங்க வீட்டுலயே பெத்துக்கட்டும்."

சர்வேயர் நோட்டை மூடவில்லை. எழுதியதை அடித்துவிட்டுத் தாழையூர் என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், செண்பகம் நாளைக்கே வந்துவிடுவாள். பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. கையை அதன் பக்கம் கொண்டுபோய், திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

இலை போட்டுக்கொண்டே வந்த அம்மா உலகநாதன் முன்னால் நின்றார்.

"உலகநாதன் ஐயா சொல்றது சரிதான். பிரசவம் உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

சர்வேயர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஐப்பசியில பிறக்கும். நல்ல மழை. ஆறு உங்க வாசப்படியில. பொண்ணுக்கு ராத்திரியிலிருந்து வலி. விடிஞ்சும் பிள்ளை வெளிய வரல. ஆஸ்பத்திரி அக்கரையில" என்றார் அம்மா. "உங்க ஊர்ப் படகை இன்னும் காணோம். வாசல்ல ஒரு படகு வந்து நிக்குது. வேங்கைத்துறைப் படகு. ஏத்துவீங்களா, மாட்டீங்களா?"

"என்னம்மா கேள்வி இது? ஏத்தாம?"

"இது எத்தனாவது படகுன்னு கேப்பீங்களா?"

வெளியே பரிசல்காரன் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

உலகநாதன் நின்றபடியே இருந்தார். பிறகு மெல்ல உட்கார்ந்து, எதிரே இருந்த இலையில் தண்ணீர் தெளித்தார். துடைத்தார். மறுபடியும் தெளித்தார்.

"சம்பந்தி" என்றார், இலையைப் பார்த்துக்கொண்டே. "வளைகாப்புக்கு நாள் பார்த்தாச்சா?"

சர்வேயர் நோட்டை மூடி, சம்பந்திக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். "நீங்களே ஒரு நாள் சொல்லுங்க" என்றார்.