மேகலாவின் பையில் ஒரு தலையணை

புறப்படும்போது காலி. போகப் போகக் கனம். போய்ச் சேர்ந்ததும் மறுபடியும் காலி. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

வயிறு என்று சொல்லிவிடாதீர்கள். மேகலாவும் முதலில் அதைத்தான் சொன்னாள்.

"இல்லை" என்றார் நாச்சிமுத்து குருசாமி.

"அப்போ நீங்க போற டவுன் பஸ்சுங்களா?"

அப்பா சிரித்துவிட்டார். குருசாமி ஈரோட்டில் பஸ் கண்டக்டர். வருஷம் முழுக்க "உள்ள போங்க, இடமிருக்கு, இடமிருக்கு" என்று கத்துகிறவர். தைப்பூசம் வந்தால் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு கூட்டத்தையே பழனிக்கு நடத்திக் கூட்டிப் போவார். இந்த வருஷம் ஒன்பது வயது மேகலாவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள்.

"பஸ்சும் இல்லை. நடந்துட்டே யோசி."

"நான் கேட்டது வேறங்க. பையில என்னென்ன எடுத்துக்கலாம்னு கேட்டேன்."

"எதை வேணும்னாலும் எடுத்துக்க. ஆனா அவங்கவங்க பை அவங்கவங்க முதுகுலதான். உங்கப்பா தூக்கக் கூடாது."

மேகலா பையை மாட்டிக்கொண்டு வாசலில் நான்கு சுற்று நடந்தாள். திரும்பி வந்து குடையை வெளியே எடுத்து வைத்தாள். மறுபடி நடந்தாள். கதைப் புத்தகங்களை எடுத்தாள். பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். கடைசியில் ஒரு மாற்றுத் துணியும், கோழிக்குஞ்சுப் படம் போட்ட சின்னத் தலையணையும் மிஞ்சின. அந்த இரண்டுக்கே பை உப்பியிருந்தது.

"இது?" என்றார் குருசாமி.

"இது இல்லாம எனக்குத் தூக்கம் வராதுங்க."

"தலையணையோட முருகனைப் பாக்கப் போற மொத ஆளு நீதான் அம்மிணி" என்றார் அப்பா.

குருசாமி சிரிக்கவில்லை. "சரி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் நடக்க ஆரம்பித்தார்கள். காங்கேயம் தாண்டுவதற்குள் மேகலா ஒன்றைக் கவனித்துவிட்டாள். குருசாமியின் தோளில் தொங்கிய பெரிய பை காற்றில் பட்டம் மாதிரி ஆடியது. உள்ளே ஒரு துண்டு மட்டும்தான் இருந்தது.

"குருசாமி, எதுக்குங்க காலிப் பையைத் தூக்கிட்டு வர்றீங்க?"

"காலின்னு யார் சொன்னா? நெறைய இடம் இருக்குது. அதைத் தூக்கிட்டு வர்றேன்."

மேகலாவுக்குப் புரியவில்லை. ஆனால் ரோட்டோரத்து ஊர்க்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருந்தது. கண் ஆபரேஷன் முடிந்த ஓர் அம்மா வெள்ளிக் கண்மலர் கொண்டுவந்தார். "என்னால நடக்க முடியாதுங்க சாமி, உண்டியல்ல போட்டுருங்க" என்றார். ஒருத்தர் புது அரிசி கொடுத்தார். இன்னொருத்தர், முதல் காய்ப்பு என்று ஐந்து தேங்காய் கொடுத்தார். எல்லாருக்கும் குருசாமி ஒரே பதில்தான் சொன்னார்: "இடமிருக்கு, போடுங்க."

தாராபுரத்தை நெருங்கும்போது பை அவர் தோளை ஒரு பக்கமாக இழுத்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்! உங்க பைதானுங்களே!" என்று மேகலா கத்தினாள்.

"கெட்டிக்காரி" என்று குருசாமி தோள் மாற்றிக்கொண்டார்.

அன்று மாலை ஒரு கரும்பாலைக்கு முன்னால், கயிற்றுக் கட்டிலில் ஒருவர் காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். கட்டுப் போட்ட காலை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்.

"செல்லமுத்து! என்னப்பா இது? போன வருஷம் எங்களையெல்லாம் முந்திட்டு ஓடுனியே!" என்றார் குருசாமி.

"தென்னமரத்துல இருந்து விழுந்துட்டனுங்க." அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார். "இந்த வருஷம் மொதல்ல காய்ச்சின வெல்லமுங்க. பஞ்சாமிர்தத்துக்கு. நானே கொண்டு போறதா வேண்டியிருந்தேன்."

குருசாமி பையை இறக்கினார். அரிசியை ஒதுக்கிப் பார்த்தார். தேங்காயைத் திருப்பி வைத்துப் பார்த்தார். மற்றவர்களின் பைகளும் அதற்குள் நிறைந்திருந்தன.

"இடமில்லயேப்பா" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி மேகலா கேட்டதே இல்லை.

"அதுக்கென்னங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." செல்லமுத்து சிரித்துக்கொண்டே மூட்டையைத் தள்ளினார். அசைந்ததில் கால் செங்கலில் இடித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மேகலா தன் பையைத் திறந்தாள்.

"அம்மிணி, ராத்திரிக்கு என்ன பண்ணுவ?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.



மேகலா தலையணையை எடுத்துச் செங்கல் மேல் வைத்தாள். வெல்லத்தைப் பையில் வைத்துக்கொண்டாள்.