மின்கதவருகே மிஞ்சிய கல்

அந்தக் காலத்தில், ஒரு கைபேசியின் கட்டைவிரல் நகமளவு சில்லுக்குள் லினக்ஸ் என்று ஓர் ஊர் இருந்தது. கேமரா, திரை எல்லாம் அங்கே வீடுகள். அவையும் வாய் திறந்து பேசின. அவற்றிடம் பேசி வேலை வாங்கும் குடிகளுக்கு டிரைவர்கள் என்று பெயர்.

கேமரா வீடும் திரை வீடும் ஒரே தெருவில் இருந்தன. தெருமுனையில் மின்கதவு. அதைத் திறந்து மேளம் கொட்டுவது சுடலையின் வேலை. அந்த மேளச் சத்தத்தைத்தான் கடிகாரம் என்பார்கள். கதவு திறந்து மேளமும் கேட்டால்தான் வீட்டுக்கு உயிர். இல்லையென்றால் வெறும் சுவர்.

ஊரில் ஒரு பொல்லாத வழக்கம். ஒரு வீட்டில் கேள்வி கேட்டவர் பதில் வாங்காமல் திரும்பக் கூடாது. பாதையும் ஒன்றுதான், முன்னால் நிற்பவர் நகராமல் பின்னால் வருபவர் போக முடியாது. ஊர் எல்லையில் ஒரு காவல் நாய் உண்டு. வேளைக்குச் சோறு வராவிட்டால் ஊர் செத்துவிட்டதென்று அது ஊரையே மொத்தமாய் விழுங்கி, புதிதாய்க் கக்கிவிடும்.

கேமராவுக்கு டிரைவர் சொரிமுத்து. திரைக்கு அவன் மனைவி பேச்சி. பேட்டரி அடிமட்டத்துக்கு வந்த ஒரு நாள், சொரிமுத்து படமெடுத்து முடித்து வெளியே வந்தான். சிக்கனத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"என் சோலி முடிஞ்சிட்டு. கதவைச் சாத்தும்வே."

"உள்ள வேற யாரும் இருக்காவளா?" என்றான் சுடலை.

"யாரு இருக்கப்போறா? சாத்தும்."

மேளம் நின்றது. சுடலை கதவைச் சாத்தினான்.

அதே நேரம் பேச்சி திரை வீட்டு வாசலில், "அடுத்த படம் போடலாமா?" என்று கேட்டிருந்தாள். பதில் வரவில்லை. தட்டிய கை தட்டியபடியே நின்றது. இமை அசையவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர் நின்றார். அவருக்குப் பின்னால் நாய்க்குச் சோறு கொண்டுபோனவரும் நின்றார். யாரும் கத்தவில்லை. பயமே அதுதான்.

"ஏட்டி பேச்சி!" என்று சொரிமுத்து கூப்பிட்டான்.

சுடலை பதறிக் கதவைத் திறந்தான். பயனில்லை. இருட்டில் கிடந்த வீடு எல்லாவற்றையும் மறந்திருந்தது; தன்னிடம் ஒருத்தி கேள்வி கேட்டதே அதற்குத் தெரியவில்லை. எல்லையில் நாய் எழுந்து நின்றது. நாய் கல்லைத் தின்னாது என்று சொரிமுத்துவுக்குத் தெரியும். எல்லைக்கல்லுக்கு ஓடி அவசரமாய்க் கீறினான்: "என் பேச்சி உள்ளே இருந்தாள். பார்க்காமல் சாத்தச் சொன்னேன்."

நாய் விழுங்கிக் கக்கியதும் ஊர் மறுபடி முதல் காலையாய் விடிந்தது. எல்லோரும் முழுசாக இருந்தார்கள். அவரவர் பேரும் வேலையும் தவிர யாருக்கும் எதுவும் நினைவில்லை.

சொரிமுத்து எல்லைக்கல்லைப் படித்தான். கையெழுத்து தன்னுடையது. பேச்சி யார் என்றுதான் தெரியவில்லை. அந்த வழியாக ஒருத்தி போனாள்.

"என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. உன் பேரு என்ன?"

"பேச்சி."

அவன் கண் கலங்கியது. ஏனென்று அவனுக்கே புரியவில்லை. நேரே சுடலையிடம் போனான். "இனி தெருவுக்குள்ள போறவங்க ஆளுக்கொரு கல்லை இங்க வைக்கட்டும். திரும்பும்போது எடுக்கட்டும். ஒரு கல் கிடந்தாலும் சாத்தாதேயும்."

தனக்கொரு கல் வைத்தான். பேச்சி பேரில் இன்னொன்றும் வைத்தான். அதை அவன் எடுக்கவே இல்லை.

அன்று முதல்தான் டிரைவர்கள் முதலில் மின்கதவு, பிறகு கடிகாரம், அதற்கப்புறமே வீடு என்று போகிறார்கள். கற்களின் எண்ணிக்கை தீராமல் எதையும் அணைப்பதில்லை. யாரும் தொடாத கைபேசி சட்டைப்பைக்குள் சூடேறிக் கிடப்பதும் அன்று முதல்தான்: எங்கோ ஒரு தெருவில் எடுக்காத கல் ஒன்று இருக்கிறது, சுடலை இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறான்.