பெட்டிக்குள் வந்த ஆடி மாதம்

நெடுவயக்காட்டில் கலியபெருமாள், திருமேனி, வேலாயுதம் என்று மூன்று பேர் ஜாதகப் பொருத்தம் பார்த்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார்கள். மூவருக்கும் ஜாதகம் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்பதால் குறை ஒன்றும் இல்லை.

அந்த ஜாதக மென்பொருள் மிகப் பழசு. புது கம்ப்யூட்டரில் ஓடவில்லை. டவுனிலிருந்து வந்த மெக்கானிக் தனபாலன், புதியதற்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடுவதுபோல் அமைத்துக் கொடுத்தான். திரையில் ஒரு சன்னல் திறக்கும், அதற்குள் பழையது ஓடும். அவன் போனதும் மூவரும் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே இன்னொன்று தென்படவில்லை. "வந்த புதுசு, கூச்சமா இருக்கும்," என்று மூடிவிட்டார்கள்.

தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் சிவசம்பு தன் மகள் பூங்கோதையின் ஜாதகத்தோடு வந்தார். பையனுடைய தாயார் ராஜாமணி அம்மாளும் கூட வந்திருந்தார்.

"நாலு மணி பஸ்ஸுக்குள்ள பொருத்தம் தெரியணும். இல்லைன்னா பக்கத்து ஊர்ல இன்னொரு பொண்ணு பார்த்து வச்சிருக்கோம்," என்றார் அந்த அம்மாள்.

பூங்கோதைக்கு ஏற்கெனவே நாலு வரன் கைநழுவிப் போயிருந்தது. சிவசம்பு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பார்த்துச் சன்னல் கறுப்பாகக் கிடந்தது. தனபாலனுக்குப் போன் போட்டார்கள்.

"சன்னல்ல என்னண்ணே தெரியுது?"

கலியபெருமாள் குனிந்து பார்த்தார். "நாங்க மூணு பேரும் தெரியுறோம். பின்னாடி சிவசம்பு அண்ணன் பாதி தெரியுறாரு."

"அது இல்லண்ணே, எழுத்து ஏதாவது தெரியுதா?"

"திருமேனி பனியன்ல இருக்கு. படிக்கட்டுமா?"

தனபாலன் வேண்டாமென்றான். பிறகு, "உள்ள ஓடுறதை மட்டும் நிறுத்துங்க. வெளிய இருக்கிற எதையும் தொடாதீங்க," என்றான்.

"மவுஸ் உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார் வேலாயுதம்.

"மேசை மேலதான இருக்கு. வெளியதான்," என்றார் திருமேனி.

ஆகவே நீளக் குச்சி ஒன்றை எடுத்து, அதன் நுனியால் மவுஸைத் தள்ளித் தள்ளி இருபது நிமிஷத்தில் நிறுத்தினார்கள்.

"இப்ப அஞ்சு நிமிஷம் அதைத் தொந்தரவு பண்ணாம விடுங்க," என்றான் தனபாலன். மூவரும் எல்லோரையும் வெளியே அழைத்து வந்து, ஷட்டரைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, வெயிலில் நின்றார்கள். ராஜாமணி அம்மாள் தும்மப் போனபோது கலியபெருமாள் வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

மறுபடி போன். "போன ஆடியில அது நல்லா ஓடினப்ப, அந்த நிலையை அப்படியே சேமிச்சு வச்சிருக்கேன். அதுக்கே திருப்பிருங்க." எதை அழுத்த வேண்டும் என்றும் சொன்னான். சன்னலில் வெளிச்சம் வந்தது. "தேதி ஆடியில நிக்கும். உள்ளயும் வெளியயும் தேதி ஒண்ணா இருக்கணும், மாத்திருங்க," என்று போனை வைத்தான்.

"எதை மாத்துறது?" என்றார் வேலாயுதம்.

"உள்ள கை வச்சா மறுபடி கெட்டுரும். இப்பதான் உசுரு வந்திருக்கு. வெளிய மாத்துவோம்," என்றார் கலியபெருமாள்.

போன வருஷத்துக் காலண்டர் புதுசுக்கு அடியிலேயே தொங்கியது. அதை மேலே மாட்டி ஆடிக்குத் திருப்பினார்கள். ஆடியில் காற்றடிக்குமே என்று வேலாயுதம் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். அந்தக் காற்றில் ராஜாமணி அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

சிவசம்பு காலண்டரைக் கைகாட்டினார். "ஆடியில கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாதேப்பா."

மூவரும் தாடையைத் தடவி யோசித்தார்கள். "பேச்சைத்தான எடுக்கக் கூடாது," என்றார் திருமேனி. "பேசாம எடுப்போம்."

அதன் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நட்சத்திரத்தை விரல் விட்டுக் காட்டினார்கள், வேலாயுதம் தட்டினார். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் தாள் வெளியே வந்தது. பத்துக்கு ஒன்பது பொருத்தம். சிவசம்புவின் கண் கலங்கிவிட்டது.

தாளின் அடியில், 'அடுத்த நல்ல முகூர்த்தம்: ஆவணி இருபது' என்றிருந்தது. வருஷம், போன வருஷம்.

"ஆவணி போயிருச்சே," என்றார் ராஜாமணி அம்மாள்.

"போயிருச்சுன்னா கல்யாணம் முடிஞ்சிருச்சும்மா," என்றார் திருமேனி. "ஒன்பது பொருத்தம் இருக்கு. நின்னா போயிருக்கும்?"

அந்த அம்மாள் தாளை ஒரு முறை பார்த்தார், சிவசம்புவை ஒரு முறை பார்த்தார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சிவசம்பு பெருமூச்சு விட்டு, பெஞ்சில் முதுகு சாய்ந்து, முழுதாக உட்கார்ந்தார். அது நிலைக்கவில்லை.

"அது சரி சம்பந்தி," என்று ராஜாமணி அம்மாள் குரலை உயர்த்தினார். "ஆவணியில கல்யாணம். ஐப்பசியில தீபாவளி வந்துச்சே, தலை தீபாவளிக்கு எம் பிள்ளையை ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா?"

சிவசம்பு எழுந்து கை கூப்பினார். "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. பொண்ணைப் பெத்தவன் நான், கல்யாணத்துக்கே என்னை யாரும் கூப்பிடலை."

ராஜாமணி அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. "எங்களுக்கு மட்டும் பத்திரிகை வந்துச்சாக்கும்," என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.