இன்னும் வராத சட்டம்

“அம்மா, ஒரு சட்டத்தை எப்படி நிறுத்துறது?”

குன்றேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் மாசிலாமணி கேட்டுவிட்டார்.

உலகம்மை சுளகில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“முதல்ல தண்ணி குடிங்க சார்.”

மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு வயது. கீழே ஊரில், உயர்நிலைப் பள்ளியில் நூலகர். அவர் குருவாக நினைக்கும் உலகம்மைக்கு நாற்பத்திரண்டுதான். முன்பு கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவர். பதினெட்டு வருடம் சாட்சிகளின் பொய்யைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தது போதும் என்று வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் குன்றுக்கு வந்தவர். மாசிலாமணி செவ்வாய்தோறும் ஏறி வருவார். ஏதாவது கேட்பார். பெரும்பாலும் பதில் கிடைக்காது. அடுத்த செவ்வாயும் வருவார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

“என்ன சட்டம்?”

“பள்ளிக்கூட நூலகச் சட்டமாம். ஒரு புத்தகத்து மேல ஒரே ஒரு ஆள் புகார் எழுதிப் போட்டாப் போதும். அன்னைக்கே அதைப் பிள்ளைங்க கண்ணுல படாம எடுத்துப் பூட்டிரணும். விசாரிச்சு முடிக்கிற வரைக்கும்.”

“எத்தனை நாள்ல விசாரிப்பாங்க?”

“அது எழுதலை.”

உலகம்மை ஒரு காம்பை உருவிப் போட்டார்.

“போச்சும்மா. இருபத்தாறு வருஷமும் போச்சு.”

அவர் வயிறெரிந்ததில் நியாயம் இருந்தது. நம் பள்ளிகளில் பாதிக்கு நூலகம் என்றால் ஒரு பீரோ. அதன் சாவி தலைமையாசிரியரிடம். புத்தகம் கிழியாமல் இருக்க வேண்டுமென்றால் யாரும் படிக்காமல் இருப்பதே உத்தமம் என்பது அவர்கள் சித்தாந்தம். மாசிலாமணி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பீரோவைத் திறந்து, எல்லாவற்றையும் பிள்ளைகள் கைக்கு எட்டும் பலகைகளில் அடுக்கினார். “கிழிஞ்சா?” என்றார் அன்றைய தலைமையாசிரியர். “பசை இருக்கு சார்” என்றார் இவர். அதற்குப் பிறகு ஏழு தலைமையாசிரியர்கள் மாறிவிட்டார்கள். பீரோ திறந்தேதான் கிடந்தது.

“வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல கருத்துக்கேட்புக் கூட்டம். எதிர்த்துப் பேச எனக்கு ரெண்டு நிமிஷம் கொடுத்திருக்காங்க.”

“என்ன பேசப் போறீங்க?”

“ஆதாரத்தோட பேசப் போறேன்.” அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “ரெண்டாயிரம் புத்தகத்தையும் சலிச்சுட்டேம்மா. எதுமேலெல்லாம் புகார் வரும்னு நானே தேடித் தேடி எடுத்தேன். காதல்னு வந்தா அந்தப் பக்கத்துல ஒரு சீட்டு. சாதியைப் பத்தி வந்தா ஒரு சீட்டு. சாமியைக் கேலி பண்ணியிருந்தா ஒரு சீட்டு. மொத்தம் முப்பத்தொரு புத்தகம். அப்படியே மேசையில அடுக்கி, இதுல எதுங்க தப்புன்னு கேக்கப் போறேன். வெள்ளம் வருமுன்னே அணை போடணும்ல.”

“முப்பத்தொண்ணும் இப்ப எங்க இருக்கு?”

“பீரோவுல.”

“திறந்து கிடக்கா?”

“பூட்டி வச்சிருக்கேம்மா. ஒண்ணு தொலைஞ்சாலும் ஆதாரம் போயிருமே.”

உலகம்மையின் கை நின்றது.

“எவ்வளவு நாளா?”

“மூணு வாரமா.”

“யாராவது கேட்டாங்களா?”



“ஒரு பிள்ளை கேட்டா. ஏழாம் வகுப்பு. முத்துப்பேச்சின்னு பேரு.”

“எந்தப் புத்தகம்?”

“பொம்பளைப் பிள்ளைங்க பெரிய மனுஷியாகிறதைப் பத்தி ஒரு டாக்டரம்மா எழுதினது. நீல அட்டை. அதுலதான் படமெல்லாம் இருக்கு. ஆறு சீட்டு வச்சிருக்கேன். அந்த நீலப் புத்தகம் எங்க சார்னு கதவுகிட்டயே நின்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கூட்டம் முடியட்டும், உங்களுக்காகத்தான் சார் சண்டை போடப் போறேன்னு சொன்னேன்.”

“அப்புறம் வந்தாளா?”

“எங்க வர? அவங்கப்பா வந்து டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாரே. பாவம், தாயில்லாப் பிள்ளை. அவ அம்மா பிரசவத்துல ரத்தம் போய்ச் செத்தவ. இந்தப் பிள்ளை ரத்தத்தைப் பாத்ததும் தானும் சாகப் போறோம்னு நினைச்சு, யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு நாள் வைக்கோல் படப்புக்குப் பின்னாலயே சோறு தண்ணி இல்லாமக் கிடந்திருக்கு. ஊரே தேடியிருக்கு. இனிமே படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு அப்பா...”

அவர் நிறுத்தினார்.

வகுப்பு ஆசிரியை சொல்லித்தான் இந்தச் செய்தி அவருக்குத் தெரியும். ஐந்து நாளாகத் தெரியும். நீல அட்டைப் புத்தகத்தையும் அதையும் இதுவரை அவர் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஆறு சீட்டு வைப்பதில் மும்முரமாக இருந்துவிட்டார் மனிதர்.

“சட்டம் எப்ப வருது சார்?” என்றார் உலகம்மை.

“வந்தா, அடுத்த மாசம்.”

“உங்க பள்ளிக்கூடத்துக்கு மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்துருச்சே.”

மாசிலாமணி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். உலகம்மை தேற்றவில்லை.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாசிலாமணி சொன்னார்: “போனதும் பீரோவைத் திறந்துடுறேம்மா.”

“திறங்க.”

“அவ வரமாட்டாளே.”

“வரமாட்டா.”

“வெள்ளிக்கிழமை நான் போகலைம்மா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?”

“போகணும். எதிர்த்துப் பேசணும்.”

“என்னத்தைச் சொல்லி?”

“பிள்ளை பேரை விட்டுருங்க. மத்த எல்லாத்தையும் சொல்லுங்க. இந்தச் சட்டம் என்ன செஞ்சதுன்னு சொல்ல ரெண்டு நிமிஷம் தாராளம்.”

“இன்னும் வராத சட்டம் எப்படிய்யா செய்யும், செஞ்சது யாருன்னு கேப்பாங்களேம்மா!”

உலகம்மை சுளகை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கேப்பாங்க” என்றார்.