முயல்மேட்டுக்கு வந்த கொக்கு

மழை குறைந்துபோன ஒரு காட்டில், புதர் மண்டிய மேடு ஒன்றில் முயல்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. சில காலமாகக் குட்டிகளுக்கெல்லாம் கண்நோய். இமை வீங்கும், சீழ் வடியும், கடைசியில் பார்வையே போய்விடும்.

சாம்பலி என்ற தாய்முயல் தன் மகளின் கண்ணை நக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஏரியிலிருந்து வைத்தியர் கொக்கு வந்து இறங்கியது.

"குட்டிகளை வரிசையாக நிறுத்துங்கள். கண்ணைப் பார்க்க வேண்டும்."

சாம்பலி பெருமூச்சு விட்டது. "நாரை வந்து பார்த்தது. ஆந்தையும் வந்து பார்த்தது. பார்த்துவிட்டுப் போனதோடு சரி. காட்டிக் காட்டி அலுத்துவிட்டது, ஐயா."

"நான் மருந்தே கொண்டுவந்திருக்கிறேன்!" என்றது கொக்கு பெருமையாக.

பச்சிலைச் சாறு விட்டதும் வீக்கம் வடிந்தது. சில நாளில் மறுபடியும் வீங்கியது.

"நீங்கள் ஒழுங்காக மருந்து விடுவதில்லை!" என்று கொக்கு சீறியது. முயல்கள் வளைக்குள் போய்விட்டன.

மாலையில் சாம்பலி எட்டிப் பார்த்தது. கொக்கு அங்கேயே நின்றது.

"இன்னும் போகவில்லையா?"

"எங்கே தவறினேன் என்று தெரியவில்லை, அம்மா."

"எங்களை நீங்கள் எதுவும் கேட்கவே இல்லையே."

கொக்கு தலை குனிந்தது. "இப்போது கேட்கிறேன்."

"அப்படியானால் இங்கேயே தங்குங்கள். எதைத் தேடுவது என்று எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்வோம். கண்டுபிடிப்பதை முதலில் எங்களிடம் சொல்லுங்கள்."

கொக்கு தங்கியது. எருமைகள் மேட்டடியில் வந்து படுக்கத் தொடங்கிய பிறகுதான் நோய் வந்தது என்று முயல்கள் கூடிப் பேசிக் கூறின. கொக்கு சாணத்தைக் கிளறியது. உள்ளே ஈப்புழுக்கள் நெளிந்தன. இந்த ஈக்கள்தான் குட்டிகளின் கண்ணில் மொய்த்து நோயைப் பரப்புகின்றன என்று முதலில் முயல்களிடம் சொன்னது.

கொக்கும் சாம்பலியும் எருமைத் தலைவனிடம் போயின.

"குட்டிகளின் கண் போகிறது. தயவுசெய்து வேறு இடத்தில் படுங்கள்," என்றது சாம்பலி.

"எங்களுக்கு என்ன லாபம்?" என்றது எருமை சோம்பலாக.

"உங்கள் முதுகிலுள்ள உண்ணிகளை நானே பொறுக்குகிறேன்," என்றது வைத்தியர் கொக்கு.

எருமைகள் ஏரியின் அக்கரைக்குப் போயின. ஈக்கள் குறைந்தன. மருந்தும் இப்போது பலித்தது. மேட்டில் குட்டிகள் தெளிந்த கண்களோடு ஓடித் திரிந்தன.

சாம்பலியின் மகளுக்கு மட்டும் பார்வை திரும்பவில்லை.

"வந்த அன்றே கேட்டிருக்கலாம்," என்றது கொக்கு.

சாம்பலி மகளைத் தோளோடு அணைத்தபடி, புல் இருக்கும் பக்கமாக மெல்ல நடத்திக்கொண்டு போனது.

நீதி: ஒருவருக்கு நன்மை செய்ய வருபவர், முதலில் அவரிடம் கேட்டு, அவரையும் கூட்டாளியாக்கிக்கொள்ள வேண்டும்.