கதவு கேட்ட நேசமலர்

சரி சரி, காலை நீட்டிப் படு. பெரியம்மா கதை சொல்லுவன், நீ "ம்" கொட்டவேணும். "ம்" நிண்டுதோ, கதையும் நிண்டிடும். பேந்து அழக்கூடாது, இப்பவே சொல்லிப்போட்டன்.

ஒரு ஊரில ஒரு... ஊரெண்டும் சொல்லேலாது குஞ்சு. முந்தி அது வெறுங்காடு. சண்டைக்குப் பயந்து ஓடி வந்த சனத்தை இருத்துறதுக்கு, காட்டை வெட்டி வரிசை வரிசையாக் கூடாரம் அடிச்சவை. முகாம் எண்டு பேர். அந்த முகாமில நேசமலர் எண்டு ஒரு அம்மா இருந்தவ. அவவுக்கு ஒரேயொரு மகள், சுகிர்தா, பன்ரண்டு வயசு. வேற ஒருத்தரும் இல்லை. எங்க, "ம்"?

"ம்."

கூடாரமெண்டால் தறப்பாளில அடிச்ச கூடாரம். பகலில உள்ளுக்க இருந்தால் அவிஞ்சு போவாய். மழை பெய்தால் சொட்டுச் சொட்டெண்டு உச்சந்தலையில ஒழுகும். காலமை பருப்பு, மத்தியானம் பருப்பு, இரவைக்கும் அந்த நாசமாப்போன பருப்புத்தான். தண்ணி பவுசரில, தாங்கி பூட்டின லொறியில வரும். பாம்ம்ம் எண்டு ஹோன் கேட்டவுடன சனம் வாளியளைத் தூக்கிக்கொண்டு கடகடவெண்டு ஓடும். ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வாளி. சமைக்க, கழுவ, குடிக்க எல்லாம் அதுக்குள்ளதான்.

இதெல்லாத்தையும் நேசமலர் பல்லைக் கடிச்சுக்கொண்டு தாங்கினா. ஒண்டே ஒண்டைத்தான் தாங்கேலாமல் போச்சு. என்னெண்டால், அங்க கக்கூசுக்குக் கதவு இல்லை.

சிரிக்காதை! சிரிக்கிற கதையே இது? சரி, கொஞ்சம் சிரி.

பன்ரண்டு கக்கூஸ் வரிசையா நிண்டுது. மூண்டு பக்கம் தகரம். முன்பக்கம் மட்டும் யூரியா பாக்கை வெட்டித் தொங்க விட்டிருந்தவை. காத்தடிச்சால் படபடபடவெண்டு அது மேல எழும்பியிடும். வெளியில வரிசையில நிக்கிற சனம் முழுக்கக் காணும். அப்ப சுகிர்தா என்ன செய்தாள் தெரியுமே? தண்ணி குடிக்கிறதை விட்டுட்டாள். குடிச்சால்தானே போகவேணும்! காலமை ஒரு வாய், பின்னேரம் ஒரு வாய். உதடெல்லாம் வெடிச்சுப்போச்சு. பேந்து அடிவயித்தில நோ, காய்ச்சல், வெடவெடவெண்டு நடுக்கம். முகாமுக்கு வாற டொக்டர் பிள்ளையைப் பார்த்துப்போட்டு, "மருந்து தாறன் அம்மா. ஆனால் பிள்ளை தண்ணி குடிக்காட்டில் இது திரும்பத் திரும்ப வரும். சிறுநீரகம் பழுதாப்போயிடும்" எண்டு சொல்லிப்போட்டார்.

நேசமலர் கோப்பையும் கையுமா மகளைக் கெஞ்சினா.

"குடி பிள்ளை."

"வேண்டாமம்மா."

"அம்மா கூட வந்து வாசலில நிக்கிறன்."

"காத்தை நீங்கள் பிடிப்பியளே அம்மா?"

நேசமலர் கோப்பையை வைச்சுப்போட்டு எழும்பினா. "உதுக்கு ஒரு கதவு போடாமல் நான் ஓயமாட்டன்" எண்டா.

"ம்."

முதல், தன்ர சீலை ஒண்டை எடுத்து வாசலில இறுக்கிக் கட்டினா. காத்து வந்துது, விர்ர்ர்! சீலை பறந்து போய் முள்ளுக்கம்பியில கிடந்து கிழிஞ்சுது. அப்புறம், நிவாரணச் சாமான் வந்த மட்டைப்பெட்டியளைப் பொறுக்கி, தட்டையாக்கி, கயிறு போட்டுத் தைச்சு ஒரு கதவு செய்தா. வடிவான கதவு. மழை வந்துது, சோவெண்டு! பெட்டி கூழாப்போச்சு. அப்புறம் மூண்டாவதா, முகாம் அலுவல் பார்க்கிற கந்தோருக்குப் போனா. அங்க ஒரு பெடியன் மேசையில இருந்தவன்.

"அம்மா, நான் நிரப்புற இந்தப் பாரத்தைப் பாருங்கோ. மலசலகூடம் எத்தினை எண்டு கேட்டிருக்கு. பன்ரண்டு. சரிதானே?"

"கதவு தம்பி?"

"கதவுக்கு இதில கட்டம் இல்லையே அம்மா."

அவன் பொல்லாதவன் இல்லை, பாவம். கட்டத்துக்குள்ள இருக்கிறது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். "வாற செவ்வாய்க்கிழமை எங்கட மேலதிகாரி, பெரியவர், முகாமைப் பார்க்க வாறார். இந்தப் பாரம் எல்லாம் அவர் போடுறதுதான்" எண்டான்.

பக்கத்துக் கூடாரத்தில ஒருத்தி இருந்தாள், பெரிய வாயாடி. "வரட்டும் அவர்! நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறன்" எண்டு துள்ளினாள். நேசமலர் தலையை ஆட்டினா. "கேட்டால் எழுதுவார். எழுதிப்போட்டுப் போயிடுவார். சொல்லி விளங்குற விசயம் இல்லையடி இது." எண்டுபோட்டு அவளின்ர காதுக்குள்ள குசுகுசுவெண்டு ஏதோ சொன்னா. வாயாடி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாள்.

"என்ன சொன்னவ?"

பொறு, ஏன் பறக்கிறாய்?

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். பெரியவர் வாகனத்தால இறங்கி வேர்க்க வேர்க்க நடந்து வாறார். முதல் வரிசையில ஒரு அக்கா ஓடி வந்தா. "ஐயா, எங்கட இடத்துக்கு வந்தனீங்கள், ஒண்டும் குடியாமல் போகப்படாது." பெரிய கோப்பை நிறையத் தேசிக்காய்த் தண்ணி. மடக் மடக் மடக். ரெண்டாவது வரிசையில வாயாடி நிண்டாள், மல்லித்தண்ணியோட. "இது உடம்புக்குக் குளிர்ச்சி ஐயா. அவை தந்ததைக் குடிச்சுப்போட்டு எங்கட வேண்டாமெண்டால் மனசு நோகும்." மடக் மடக் மடக். மூண்டாவது வரிசையில நேசமலர், பால் போட்ட தேத்தண்ணி. அவர் நல்ல மனிசன், இல்லாத சனம் அன்பாத் தாறதை எப்பிடி வேண்டாமெண்டுறது? அதையும் குடிச்சார். அந்தத் தண்ணி சும்மா வந்த தண்ணியில்லை குஞ்சு. மூண்டு வரிசைப் பொம்பிளையளும் அண்டைக்கு முகம் கழுவாமல் மிச்சம் பிடிச்சது.

அப்ப, கொஞ்ச நேரத்தில பெரியவர் ஒரு காலில நிண்டார். பேந்து மற்றக் காலில நிண்டார். முகம் ஒரு மாதிரிப் போச்சு. கந்தோர்ப் பெடியனிட்ட, "தம்பி, இஞ்ச கக்கூஸ்...?" எண்டார். கந்தோர்க் கக்கூசோ, முகாமின்ர மற்றத் தொங்கலில, தூரத்து மூலையில! "இஞ்சால வாங்கோ ஐயா" எண்டு நேசமலர் கூட்டிக்கொண்டு போனா. அங்க முப்பது பேர் வரிசையில. யூரியா பாக் காத்தில படபடபட.

"கதவு எங்க அம்மா?"

"கதவில்லை ஐயா. நீங்கள் போங்கோ, நாங்கள் மற்றப் பக்கம் திரும்பி நிக்கிறம்."

"எப்பிடியம்மா போறது?"

நேசமலர் அவரை நேராப் பார்த்தா. "நாங்கள் நாலு மாசமா இப்பிடித்தான் ஐயா போறம். என்ர மகள் போகேலாமல் தண்ணியே குடிக்கிறேல்லை. வருத்தம் வந்து கிடக்கிறாள்."

ஒருத்தரும் சிரிக்கேல்லை. பெரியவர் திரும்பவும் கால் மாத்தினார். அவரை அதுக்கு மேல வருத்தவும் நேசமலருக்கு மனம் வரேல்லை. தன்ர மிச்சச் சீலையை விரிச்சு ஒரு தலைப்பைத் தான் பிடிச்சா, மற்றத் தலைப்பை வாயாடி பிடிச்சாள். ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்தோட இழுபட்டு நிண்டினம். பிடிச்ச கை ரெண்டு நாள் நொந்துது எனக்கு.

"எனக்கோ? அந்த வாயாடி நீங்களே பெரியம்மா?"

மூடு வாயை. கதையைக் கேள்.

பெரியவர் வெளியில வந்தார். பெடியனிட்டப் பாரத்தை வாங்கினார். தன்ர பேனையால கீழ ஒரு கட்டம் கீறி, அதுக்குள்ள "கதவு" எண்டு எழுதினார். "உங்களிட்ட வந்து ஆறு தரம் பன்ரண்டு எண்டு எழுதிக்கொண்டு போனனான் அம்மா" எண்டார். தலையை நிமித்தேல்லை.

நாலாம் நாள் லொறி வந்துது, கடகட, பன்ரண்டு தகரக் கதவு. தச்சர் டொக் டொக் டொக்கெண்டு அடிச்சு முடிச்சார். சனம் கை தட்டினது. நேசமலர் போய்ப் பார்த்தா, கொளுக்கி வெளிப்பக்கம்! "வெளியால பூட்டுறதுக்கு இது என்ன கோழிக்கூடே அண்ணை?" எண்டு அவற்ர சாமான் பெட்டிக்கு மேல ஏறி இருந்திட்டா. தச்சர் பன்ரண்டு கொளுக்கியையும் கழட்டி உள்பக்கம் பொருத்தினாப் பிறகுதான் எழும்பினா.

"ம்... சுகிர்தா?"

சுகிர்தா மெல்ல மெல்ல நடந்து போனாள். உள்ளுக்க போய்க் கொளுக்கியைப் போட்டாள், டக். காத்து வந்து கதவை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்துது. கதவு அசையேல்லை. அவள் வெளியில வந்தாள், நேராக் கூடாரத்துக்குப் போனாள். வாளியில கோப்பையை விட்டாள். மடக், மடக், மடக். திரும்பவும் அள்ளினாள். மடக், மடக், மடக். மூண்டாந்தரமும் அள்ளிப்போட்டு, "குடிக்கட்டேம்மா? சமைக்கத் தண்ணி காணாமல் போயிடுமே" எண்டாள்.

"குடி, என்ர ராசாத்தி. முழுக்கக் குடி" எண்டு சொல்லிப்போட்டு நேசமலர் அழுதா. வீடு வாசல் விட்டு ஓடி வந்த நாளில இருந்து வராத அழுகை எல்லாம் அண்டைக்குச் சேர்ந்து வந்துது. அண்டைக்கு அந்தக் கூடாரத்தில பருப்பு அவியேல்லை. அதுவும் ஒரு நல்ல காலந்தான்.

"பெரியம்மா, எனக்கும் தண்ணி."

இந்தா, எழும்பிக் குடி. கோப்பையில மிச்சம் வைக்காதை. பேந்து வந்தால் என்னை எழுப்பு, கதவு இருக்கு, கொளுக்கியும் உள்ளுக்கதான் இருக்கு. தண்ணியும் முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுது. கண்ணை மூடிக்கொண்டு நித்திரை கொள்ளு.