நூற்றொன்றாவது அதிரசம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் அமராவதிக்கு உதறல். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். சமாளிக்கச் சொல்லப்போகும் கதையில் ஓர் இலக்கம் பிசகினாலும் மாஸ்டர் கண்டுபிடித்துவிடுவார். கல்யாண மண்டபச் சமையல்கட்டில் இன்றோடு அவளுக்கு வேலை இருக்காது.

"சீர்த்தட்டுல நூத்தியோரு அதிரசம் இருக்கணும். நூறுதான் இருக்கு. ஒண்ணு எங்கே?" என்றார் காசிலிங்கம் மாஸ்டர்.

அமராவதி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நூத்தியொண்ணு பொல்லாத எண்ணு மாஸ்டர். ரெண்டு பேருக்குப் பிரிச்சா ஒண்ணு நிக்கும், மூணு பேருக்குப் பிரிச்சா ரெண்டு நிக்கும். எப்படிப் போட்டாலும் பங்கு வராது. எங்க சித்தி மக கல்யாணத்துக்கு ஒத்தை ஆளா ரெண்டாயிரத்து ஐந்நூத்தி இருபத்தியொண்ணு சுட்டேன். ரெண்டு பங்குல இருந்து பத்து பங்கு வரைக்கும் போட்டுப் பார்த்தாச்சு. எல்லாத்துலயும் ஒண்ணு மிச்சம். அந்த ஒண்ணுக்காக ரெண்டு வீட்டுக்கும் மூணு நாள் சண்டை. மாப்பிள்ளை தாலியும் கையுமா அப்படியே நிக்கிறாரு."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த குருவம்மா நிமிர்ந்தாள். "மூணு நாளா? கை வலிக்காதாக்கா?"

"முட்டுக் கொடுக்க ரெண்டு ஆள் போட்டிருந்தோம்டி."

மாஸ்டர் சிரிக்கவில்லை. இன்னும் பெரிதாகச் சொன்னால்தான் தப்பிக்கலாம். அமராவதி விரல்களை மடக்கிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்:

"அது என்ன பிரமாதம்? ஜமீன் கல்யாணத்துக்கு இருபத்திமூணு கோடியே இருபத்தியேழு லட்சத்துத் தொண்ணூத்திரெண்டாயிரத்து ஐந்நூத்தி அறுபத்தியொண்ணு சுட்டேன். பாகு வைகையில கரை தொட்டு ஓடுச்சு. இருபது பங்கு வரைக்கும் போட்டோம், அதே ஒண்ணு மிச்சம். நூறு கணக்கு வாத்தியாருங்க வந்து வகுத்தாங்க. எந்த எண்ணுக்கும் மசியல. மொத்தத்தையும் ஒருத்தருக்கே கொடுக்கணும், இல்லேன்னா ஆளுக்கு ஒண்ணுன்னு அத்தனை பேரையும் கூப்பிடணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"கூப்பிட வேண்டியதுதானே?" என்றாள் குருவம்மா.

"கூப்பிட்டோம். ஒருத்தர் வரல."

குருவம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். மாஸ்டர் கேட்டார்: "அந்த ஒருத்தரோட அதிரசம்?"

"நான்தான் தின்னேன். கல்யாணம் நின்னுடக் கூடாதில்ல? இன்னிக்கும் அதே நல்லெண்ணம்தான் மாஸ்டர்."

"ரொம்ப சந்தோஷம். நூறு ரெட்டைப்படை. ரெட்டைப்படையில சீர் போனா பொண்ணு வீட்டுக்காரங்க என்னை உரிச்சுடுவாங்க. தட்டை எடுக்க இதோ படியேறுறாங்க. அவங்க உள்ளே வரும்போது எண்ணிக்கை சரியா இருக்கணும். இல்லேன்னா நாளையிலிருந்து வராதே."

அவர் வாசலுக்குப் போனார். மாவு தீர்ந்துவிட்டது, எண்ணெயும் ஆறிவிட்டது. கொலுசுச் சத்தம் நெருங்கியது. அமராவதி தட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். மேலாக இருந்த அதிரசத்தை எடுத்து முழுசாக வாயில் திணித்துக்கொண்டாள்.

"தொண்ணூத்தொம்பது," என்றாள் குருவம்மாவிடம், அடைத்த வாயோடு. "ஒத்தைப்படைக்கு ஒத்தைப்படையும் ஆச்சு. மூணு பேர் பிரிச்சாலும் மிச்சம் விழாது."